பெயர் பிறகு அறிவிக்கப்படும்

ஜூலை 3, வியாழன்

என் கணவர் இறந்த பிறகு தனிமை தாங்காமல்தான் நான் பேஸ்போல் பார்க்கத் தொடங்கினேன் என்று பவளராணி மோல் கடைத்தொகுதியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது பிழை. பாக்கியநாதர் இறந்தது 2019இல். நான் பேஸ்போல் பார்க்கத் தொடங்கியது 1993 ஏப்ரலில், நாங்கள் கனடாவுக்கு வந்து ஆறாவது மாதம். அவர்தான் எனக்குப் பழக்கினார் என்று சொல்வதும் பிழை. அவருக்கு இந்த விளையாட்டைக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஓர் அணி தன் வீரரைக் கொடுத்து இன்னோர் அணியிடமிருந்து வேறு வீரர்களை வாங்கும் செய்தி தொலைக்காட்சியில் வந்தால், எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். கிரிக்கெட்டில் ஊறியவர், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பழக்கியவள் மார்கரெட். காப்புறுதி அலுவலகமொன்றின் தபால் அறையில் என்னோடு வேலை செய்தவள். மத்தியான ஆட்டம் இருக்கும் நாட்களில் வானொலியைப் பக்கத்தில் வைத்து, சாப்பிட்டுக்கொண்டே கட்டம் கட்டமான ஓர் அட்டையில் எதையோ குறிப்பாள். எட்டிப் பார்த்தேன். எனக்குச் சுருக்கெழுத்து நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் கொன்வென்றில் படித்துவிட்டுக் காங்கேசன்துறையில் பதினான்கு வருடம் சுருக்கெழுத்துத் தட்டச்சாளராக இருந்தவள் நான். வாயால் சொல்வதையெல்லாம் கோடாக்கத் தெரிந்தவளுக்கு இந்த அட்டை ஒரு கிழமையில் பிடிபட்டது. இந்த விளையாட்டில் எழுதப்படாமல் ஒன்றும் நடப்பதில்லை.

இதை நாளைக்குப் பவளராணியிடம் நேரில் சொல்வேன்.

ஜூலை 4, வெள்ளி

சொன்னேன். "ஐயோ அக்கா, நான் இரக்கத்திலை சொன்னனான்," என்றாள். உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம், திகதி சரியாக இருந்தால் போதும் என்றேன்.

பிறகு மொந்தேரோ விவகாரம். மோலின் கீழ்த்தளத்தில், நகரும் படிக்குப் பக்கத்து மேசையில், கிழமை நாட்களில் பத்து மணிக்கு நாங்கள் நாலு பேர் கூடுவோம். கனகரத்தினம் கொடிகாமத்தில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். ரயில் இன்னும் வந்துகொண்டிருப்பது போலத்தான் பேசுவார். தியாகர் பேக்கரி வேலையில் ஓய்வு பெற்றவர். நம் அணியின் தொப்பியைச் செத்த வீட்டு வாசலில் மட்டும் கழற்றுவார். பவளராணி ஆட்டம் பார்ப்பதில்லை. தொலைபேசியில் வரும் செய்தியை வாசித்துச் சொல்வாள்.

அனிபால் மொந்தேரோ நம் அணியின் ஷோர்ட்ஸ்டொப். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர். பதினேழு வயதில் வெனிசுவேலாவிலிருந்து வந்து இந்த அணியிலேயே வளர்ந்தவர். இப்போது முப்பத்துநாலு. ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. இன்னும் ஐந்து வருடம் கேட்கிறார். கொடுப்பதா, அல்லது இம்மாதம் 31ஆம் திகதிக்கு முன்னர் வேறு அணிக்குக் கொடுத்து இளம் ஆட்களை வாங்குவதா? அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

"முப்பத்தொன்பது வயசிலை அவன் குனிஞ்சால் நிமித்திவிட ரெண்டு பேர் வேணும் ஐசே," என்றார் கனகரத்தினம்.

"நீர் எழுபத்தெட்டிலை பஸ்ஸுக்குப் பின்னாலை ஓடுறீர்தானே?" என்றார் தியாகர்.

"நான் ஓடுறது பஸ் நிக்கும் எண்ட நம்பிக்கையிலை. பந்து நிக்காது."

"வடிவான பெடியன். அவனை அனுப்பினால் நான் இனிப் பாக்கமாட்டன்," என்றாள் பவளராணி.

"இப்ப மட்டும் என்ன, கிழிக்கிறீரோ?" என்றார் கனகரத்தினம்.

என்னைக் கேட்டார்கள். கொடுத்துவிட வேண்டும் என்றேன். மூன்று வருடம் கழித்து ஒவ்வொரு இடத்திலும் யார் நிற்பார் என்று இன்றைக்கே பார்ப்பதுதான் அணி கட்டுவது. ஒருவரை விடப் பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

தியாகர் தொப்பியைச் சரிசெய்தார். "உங்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லை அக்கா. பிள்ளையா வந்தவன். இஞ்சைதானே வளந்தவன்."

"நல்லா இருக்கேக்கைதான் குடுக்க வேணும். நோயும் நொடியும் வந்தாப்போலை குடுக்கிறதுக்குப் பேர் ஏமாத்து," என்றேன்.

"மிஸிஸ் பாக்கியநாதர் முகாமையாளரா இருந்தால் நாங்கள் வருசா வருசம் கப் அடிப்பம்," என்றார் கனகரத்தினம். பகிடிதான். ஆனாலும் அது உண்மை.

ஜூலை 8, செவ்வாய்

மெலனியின் கல்யாணம் ஓகஸ்ட் 23இல். மெலனி என் மகன் ரொபேட்டின் மூத்தவள். மருமகள் நிரூபா சாப்பாட்டு மேசை முழுவதும் பெயர்களைப் பரப்பி வைத்திருக்கிறாள். மண்டபத்துக்கு ஓகஸ்ட் 8க்குள் எண்ணிக்கை கொடுக்க வேண்டுமாம். நான் எழுத்துகளைச் சரிபார்த்தேன். பதினொரு பிழை.

"மாமி, யசிந்தா மச்சாள் வருவாவோ?" என்று கேட்டாள்.

ரொபேட்டைக் கேள் என்றேன்.

யசிந்தா என் தங்கை திரேசாவின் மகள். நோர்வேயில், பேர்கன் நகரில் பல் வைத்தியர். திரேசா மார்ச்சில் இறந்தாள். எனக்கு முழங்கால் வீக்கம், போகவில்லை. ஏப்ரல் 2ஆம் திகதி யசிந்தாவுக்கு ஆறுதல் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம்.

தெரு முனைத் தபால் பெட்டிவரை நடந்துபோய் வந்தேன். முழங்காலுக்கு நடை நல்லது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இரண்டு விளம்பரம், பல் சுத்தம் செய்ய வரச்சொல்லி ஒரு நினைவூட்டல்.

ஜூலை 9

தபால் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ரொபேட் வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் என் அறைக்கு வந்தான். வழமையாகக் கதவைத் தட்டுவான்.

"அம்மா, யசிந்தா மெசேஜ் போட்டிருக்கிறாள்."

நான் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். வாசி என்றேன்.

திரேசாவின் அலுமாரியை ஒதுக்கும்போது பழைய கடிதங்கள் கிடைத்தனவாம். அதில் என் கையெழுத்தில் 1986 ஜூன் 9ஆம் திகதியிட்ட ஒன்று. அதை வாசித்தாளாம். ரொபேட் தொலைபேசியை எட்டப் பிடித்து வாசித்தான்: "அம்மாதான் என்னைக் கேட்டவ எண்டு பெரியம்மா எனக்குச் சொன்னவ. அம்மா என்னைக் கேக்கேல்லை. பெரியம்மாதான் என்னைத் தெரிஞ்செடுத்தவ. ஏன் நான் எண்டு அவவைக் கேள். போன் எடுக்க வேண்டாம். அதுக்கு மறுமொழி வந்தால்தான் கல்யாணத்துக்கு வாறதைப் பற்றி யோசிப்பன்."

"உண்மையே அம்மா?"

"ஜூன் ஒன்பது எண்டே போட்டிருக்கு?"

"அம்மா!"

"நான் கேட்டது திகதியை."

அவன் போய்விட்டான். ஜூன் 9 சரிதான். திங்கட்கிழமை. வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன்.

ஜூலை 12, சனி

8ஆம் திகதி எழுதியதில் ஒரு வசனத்தைத் திருத்த வேண்டும். யசிந்தா திரேசாவின் மகள் என்று எழுதியிருக்கிறேன். சட்டப்படி அது சரி. பெற்றவள் நான்.

எனக்கு மூன்று பிள்ளைகள். ரொபேட், யசிந்தா, அஞ்சலா. திரேசாவும் கணவரும் நோர்வேயின் வடகிழக்கு மூலையில், வார்டோ என்ற சிற்றூரில் மீன் வெட்டும் ஆலையில் வேலை செய்தார்கள். ஐந்து தடவை கரு தங்கவில்லை. 1985 டிசம்பரில் நத்தாருக்கு வந்து நின்றபோது வைத்தியர்கள் இனி வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னாள். பிள்ளை இல்லாத சகோதரிக்கு ஒரு பிள்ளையை வளர்க்கக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் புதிதல்ல. எங்கள் அம்மாவே அப்படி வளர்ந்தவர். என் பிள்ளைகளில் ஒன்று உனக்கு என்றேன். எந்தப் பிள்ளை என்று அவள் கேட்கவில்லை. "ஆரெண்டாலும் சரி அக்கா, நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றாள்.

யோசித்துச் சொன்னேன். ஜூலை கடைசியில் யசிந்தாவை அனுப்பினோம். ஒன்பது வயது.

அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நாட்டு நிலைமையும் மோசம்.

ஜூலை 14, திங்கள்

மோலுக்குப் போகவில்லை. முழங்கால்.

ஜூலை 15, செவ்வாய்

யசிந்தாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள யசிந்தா" வரை வந்தது. "அன்புள்ள" என்பது எல்லோருக்கும் போடுவது. மின்சாரக் கொம்பனிக்கும் போடுவது. தாளை மாற்றினேன்.

ஜூலை 16, புதன்

ரொபேட் நல்ல மனத்தோடுதான் சொன்னான். இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளை நான் கழுவ, அவன் துடைத்துக்கொண்டு நின்றான்.

"சண்டைக்காலம் எண்டு எழுதுங்கோ அம்மா. பாதுகாப்புக்கு அனுப்பினனாங்கள் எண்டு. அதிலை என்ன பொய்? அந்த வருசம் ஷெல் விழுந்ததுதானே."

"உன்னை வைச்சிருந்தனான். அஞ்சலாவை வைச்சிருந்தனான்."

"அதுக்கென்ன?"

"பாதுகாப்புக்கு எண்டால், ஒரு பிள்ளையை மட்டும் பாதுகாத்துப்போட்டு மற்ற ரெண்டையும் ஷெல்லுக்கு விட்டனானெண்டே எழுதச் சொல்லுறாய்? அவள் ஒரு நிமிசத்திலை கேப்பாள்."

"நீங்கள் எழுதினால் போதும் அம்மா. அவள் என்ன கேப்பாளெண்டு இப்பவே என்னத்துக்கு?"

"ஏனெண்டால் நான் எண்டால் கேப்பன்."

அவன் துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தான்.

ஜூலை 18, வெள்ளி

மோல். தியாகர் மொந்தேரோவை வைத்திருக்க இருபது காரணம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஏழாவது, அவருடைய பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். பதின்மூன்றாவது, அவர் சிரிப்பது.

"இருபதாவது என்ன?" என்றார் கனகரத்தினம்.

"இருபதாவது உமக்கு விளங்காது."

"சொல்லுமன்."

"ஆள் இல்லாமல் அந்த இடம் வெறுமையாக் கிடக்கும்."

"வேறை ஆளை நிப்பாட்டுவாங்கள், மடையா!"

எல்லோரும் சிரித்தார்கள். தியாகரும் சிரித்தார். இருபதில் மூன்றே பரவாயில்லை என்று நான் அவருக்குக் குறித்துக் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

1999 ஓகஸ்டில் யசிந்தா முதலும் கடைசியுமாக இங்கே வந்தாள். பத்து நாள். இருபத்திரண்டு வயது. என்னைவிட ஒரு பிடி உயரம். நடையில் எங்கள் அப்பாவின் சாயல். கத்தரிக்காய்க் குழம்பை ஞாபகம் வைத்திருந்தாள். "பெரியம்மா, இன்னும் கொஞ்சம் விடுங்கோ," என்றாள். நான் நாலு நாள் கத்தரிக்காய் வைத்தேன். பாக்கியநாதர் ஐந்தாம் நாள் முறையிட்டார்.

ஒரு காலை அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும்போது, "அப்பா, அந்தக் கண்ணாடியைத் தாங்கோ," என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதே பக்கத்தை அன்று மத்தியானம் வரை வைத்துக்கொண்டிருந்தார். வாய் தவறி வருவதுதான். பிள்ளைகளுக்கு அப்படி வரும்.

நான் அடுப்படியில் நின்றேன். இதெல்லாம் கேட்டது.

ஜூலை 21, திங்கள்

தபால் இல்லை. அவள் எழுதுவதாகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். முழங்காலுக்காகப் போய் வருகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

நாலு தாள் கிழித்தேன். மூன்றாவதில் "உனது எதிர்கால நலன் கருதி" என்று தொடங்கியிருந்தேன். பதினான்கு வருடம் முகாமையாளர்களுக்குத் தட்டச்சு செய்த கை.

ஜூலை 24, வியாழன்

ரொபேட் யசிந்தாவோடு பேசினானாம். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். காரில், என்னைக் கண் வைத்தியரிடம் கூட்டிப் போகும்போது.

"வார்டோவிலை முதல் மாரி முழுக்க அவள் தன்ரை வெள்ளைப் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கதவடியிலை வைச்சிருந்தவளாம். ஊருக்குக் கூப்பிட ஆள் வந்தால் உடனை கொழுவிக்கொண்டு போக. சித்தி ஒவ்வொரு நாளும் அதிலை ஈரம் துடைச்சு வைக்கிறவவாம். எடுத்து ஒளிக்கேல்லையாம்."

"அழுதவளே?"

"அதைத்தான் நீங்கள் கேப்பீங்கள் எண்டு சொன்னவள்."

கண்ணுக்கு மருந்து விட்டார்கள். வரும் வழியெல்லாம் வெளிச்சம் கூசியது. இரண்டு மணித்தியாலம் கண் மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

பூசை. மத்தியான ஆட்டம், 5க்கு 2 என்று தோல்வி. மொந்தேரோ ஆறாம் சுற்றில் எளிய பந்தொன்றைத் தவறவிட்டார். மைதானத்தில் எல்லோரும் எழுந்து அவருக்குக் கை தட்டினார்கள். போகப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் தவறு என்று குறித்தேன். கை தட்டியதைக் குறிக்க அட்டையில் இடம் இல்லை.

ஜூலை 30, புதன்

மத்தியானம் செய்தி வந்தது. மொந்தேரோ மேற்குக் கரை அணியொன்றுக்குப் போகிறார். பதிலுக்கு நமக்கு இரண்டு இளம் பந்துவீச்சாளர்களும், பெயர் பிறகு அறிவிக்கப்படும் ஒரு வீரரும்.

இது பேஸ்போலில் வழமையாக நடப்பது. கொடுப்பதென்று ஒப்பந்தம் முடிந்துவிடும். யாரைக் கொடுப்பது என்பதை ஆறு மாதத்துக்குள் சொன்னால் போதும். சில வேளைகளில் ஐந்தாறு பெயர் கொண்ட பட்டியல் இருக்கும். அதில் இருப்பவர்களுக்குத் தாங்கள் அதில் இருப்பது தெரியாது. அவர்கள் தங்கள் தங்கள் ஊர்களில் வழக்கம்போல விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆறு மாதம்.

இன்று அட்டை ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 31, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தியாகர் தொப்பி இல்லாமல் வந்தார். பவளராணி அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தாள். கனகரத்தினம் கணக்குப் பார்த்தார். இரண்டு பந்துவீச்சாளர்களில் ஒருவன் இடதுகைக்காரன், அது நல்லது. மற்றவனுக்கு வயது பத்தொன்பது, அதுவும் நல்லது. முகாமையாளர் மூளைசாலி என்றார்.

"நீங்கள் சொன்ன மாதிரியே நடந்திட்டுது மிஸிஸ் பாக்கியநாதர். கை தாங்கோ."

"மூண்டாவது ஆள் ஆர்?" என்றாள் பவளராணி தொலைபேசியைத் தட்டிக்கொண்டு. "பேரைக் காணேல்லை."

"அது சும்மா உதிரி. புடவைக் கடையிலை ஒரு கைலேஞ்சித் துண்டு சேத்துத் தாறேல்லையே, அப்பிடி. பேர்கூட இல்லை."

"பேர் இல்லாமல் இல்லை," என்றேன்.

"இல்லைத்தானே. பிறகுதான் சொல்லுவினமாம்."

"பேர் இருக்கு. தாய் தேப்பன் வைச்ச பேர். இண்டைக்குக் காலமை எங்கையோ ஒரு சின்ன ஊரிலை எழும்பிப் பல்லு விளக்கிக் கஞ்சி குடிச்சிருக்குது. அதைக் குடுத்தாச்சு. தான்தான் எண்டு அதுக்கு மட்டும்தான் தெரியாது."

என் சத்தம் கூடிவிட்டது. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன இது," என்றார் கனகரத்தினம். "நாலாந் திகதி நீங்கள்தானே குடுக்கச் சொல்லி எங்களோடை சண்டை பிடிச்சனீங்கள்?"

"ஓம். சொன்னனான்."

"பேந்து?"

நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்தேன். பவளராணி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். இந்தப் பெண்ணை நான் குறைவாக மதித்திருக்கிறேன். மெதுவாக, "அக்கா, கஞ்சி எண்டு சொன்னீங்கள். வெள்ளைக்காரப் பெடியங்கள் கஞ்சி குடிக்கிறேல்லை," என்றாள். பகிடி பண்ணவில்லை. என் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

நான் எழுந்துவிட்டேன். தியாகர் பஸ் தரிப்புவரை கூட வந்தார். பஸ் வந்ததும், "இருங்கோ, சாரதிக்குச் சொல்லிப்போட்டு வாறன்," என்று முன்னால் போய், நான் ஏறும் மட்டும் படியை இறக்கி வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். வெயில் போவதற்குள் எழுதி முடித்தேன். ஒரே தாள். கிழிக்கவில்லை.

ஓகஸ்ட் 1, வெள்ளி

காலை ரொபேட் வேலைக்குப் போகுமுன் கடிதத்தைக் கொடுத்தேன். படம் எடுத்து யசிந்தாவுக்கு அனுப்பச் சொன்னேன். மூலத்தை நானே தபாலில் போடுவேன்.

"நான் வாசிக்கலாமே?" என்றான்.

"வாசிக்காமல் எப்பிடிப் படமெடுப்பாய்?"

நின்றபடியே வாசித்தான். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து மறுபடி வாசித்தான். "அஞ்சலாவுக்கும் இதைக் காட்ட வேணும் அம்மா," என்றான். காட்டு என்றேன். வேலைக்குப் பிந்திப் போனான்.

நான் அனுப்பும் எதற்கும் பிரதி வைப்பது வழக்கம். கீழே பிரதி.

*

யசிந்தா,

நீ கண்டெடுத்த கடிதம் நான் எழுதியது. திரேசா உன்னைக் கேட்கவில்லை. அவள் எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. "சித்தி உன்னைத்தான் கேட்டவ" என்று உன்னிடம் சொன்னது பொய். அதைச் சொன்னது நான். அப்பா அதைச் சொல்ல மறுத்தார். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. திரேசா சாகும்வரை அதைத் திருத்தாமல் விட்டது என் மானத்தைக் காப்பாற்ற. அவள்மேல் கோபப்படாதே.

ஏன் நீ என்று கேட்டிருக்கிறாய்.

வாக்குக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சாப்பிடும்போதும் படிக்கும்போதும் தூங்கும்போதும் பார்த்தேன். அப்பா வாசிக்கக்கூடாது என்று சுருக்கெழுத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். ரொபேட்டை அப்பா விடமாட்டார். அஞ்சலாவுக்கு இழுப்பு, நோயாளிப் பிள்ளையைத் தங்கைக்குக் கொடுப்பது மரியாதையில்லை. உனக்கு எதிரே, வகுப்பில் முதலாம் பிள்ளை, உடம்பு சுகம், அழமாட்டாள் என்று எழுதினேன்.

நல்ல பிள்ளையைத்தான் கொடுத்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை, ஆனால் அது காரணம் அல்ல. காரணம் அந்தக் கடைசிச் சொல். அஞ்சலாவை அனுப்பினால் அவள் அழுவாள். அந்த அழுகையை என்னால் தாங்க முடியாது. நீ அழாமல் போனால் நான் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உனக்கு எது சுகம் என்று பார்க்கவில்லை. எனக்கு எது சுகம் என்று பார்த்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நீ அழவில்லை. சரியான பிள்ளையைத்தான் தெரிந்தெடுத்தேன் என்று நினைத்தேன். கதவடியில் நீ வைத்த சப்பாத்தைப் பற்றி ரொபேட் போன கிழமை சொல்லும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

திரேசாவை அம்மா என்றும் என்னைப் பெரியம்மா என்றும் நீ கூப்பிட வேண்டும் என்று விதித்ததும் நான். அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும், பார். நீ ஒரு நாளும் அதை மீறவில்லை. 1999இல் அப்பாவிடம் ஒரு தடவை வாய் தவறினாய். அதன்பின் மீதி ஆறு நாளும், என்னிடமும் தவறுமா என்று நான் நீ இருந்த அறைகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். உனக்குத் தொந்தரவாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டால், தா என்று உன்னை வற்புறுத்துவது போலாகும். அதனால் கேட்கவில்லை. திரேசா உன்னை நல்லபடி வளர்த்தாள். அவள்தான் உன் அம்மா. அதை நான் மாற்றச் சொல்லவில்லை. கடிதத்தின் கீழே எந்த முறை சொல்லிப் போடுவது என்று தெரியாமல் என் பெயரைப் போடுகிறேன்.

கல்யாணத்துக்கு வருவதும் விடுவதும் உன் விருப்பம். இந்தக் கடிதத்துக்காக வர வேண்டாம், இதற்காக வராமல் இருக்கவும் வேண்டாம். வந்தால், நிரூபா உன்னை என் பக்கத்தில் இருத்தமாட்டாள். நீ கேட்டால் மட்டும் இருத்தச் சொல்லியிருக்கிறேன்.

இதை வாசித்தபின் என்னைக் கோபித்து எழுதுவதானாலும் எழுது. ஒரு வரியானாலும் போதும். தொலைபேசியில் சொன்னால் எனக்குச் சரியாகக் கேட்காது, கேட்டதும் பிறகு நினைவில் மாறிவிடும். நீ எழுதியதை நான் மறுபடியும் மறுபடியும் வாசிக்க வேண்டும்.

எமில்டா பாக்கியநாதர்

முகவரி உறையின் பின்பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து பதிலை எழுத்தில் அனுப்பு.